மீதி நான்கு

சாராள் கையை உயர்த்தினாள். தகடு வெட்டும் பிரஸ் நின்றது.

"இன்னாக்கா, பெல் அடிக்கப் போற நேரத்துல நிறுத்தச் சொல்றே?" என்றான் குப்புராஜ்.

"பிசிறு தெரியுது. அடுத்த ஷிப்டு பாத்துக்கட்டும்."

அவன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் தரச் சோதனையில் இருப்பவள் சொன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

வெட்டிய தகடுகளை எண்ணும் கவுண்டரில் 358358 நின்றது.

கும்மிடிப்பூண்டியில் அந்த ஒரு தொழிற்சாலையில் மட்டும் அப்படியொரு வழக்கம். ஷிப்டு முடிவில் கவுண்டரில் நிற்கும் எண்ணை கேட்டில் எழுதிப் போடுவார்கள். யாருடைய டோக்கன் எண் அதை மீதியில்லாமல் வகுக்கிறதோ, அவர் பையைத் திறந்து காட்ட வேண்டும். காப்பர் தகடு வெளியே போய்விடக் கூடாது. யாரையும் குறிவைத்ததாகவும் இருக்கக் கூடாது.

செக்யூரிட்டி ஆபீசர் ஆதிநாராயணன் கேட்டில் உட்கார்ந்து செல்போனில் வகுத்துக்கொண்டிருந்தார். முதலாளியின் டிரைவர் ஆசீர்வாதம் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்தார்.

"ஒண்ணாம் நம்பர்னு ஆசையா வாங்கிக்கினேன். தெனம் என் தயிர் சாதத்த ஊரே பாக்குது."

வரிசை சிரித்தது. சாராள் சிரிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு இதே வரிசையில் அவள் கணவன் லோகு நின்றான். எடை போடாமல் லாரியில் ஏறிய காப்பர் கழிவைப் பற்றி அதற்கு முந்தைய நாள்தான் ஆதிநாராயணனிடம் கேட்டிருந்தான். அவனுடைய தொண்ணூற்றேழு வகுபடுவதாக அவர் சொன்னார். பையிலிருந்து ஒரு தகடு வந்தது.

"எனக்குத் தெரியாது. யாரோ வெச்சிருக்காங்க" என்றான் லோகு.

அதன்பின் எந்தத் தொழிற்சாலையும் அவனைச் சேர்க்கவில்லை. சர்ச்சுக்கு வருவதையும் விட்டுவிட்டான்.

அன்று பொன்னேரிக்குத் திரும்பும் ரயிலில் சாராள் கேட்டில் எழுதியிருந்த எண்ணைத் தொண்ணூற்றேழால் வகுத்துப் பார்த்தாள். மீதி நான்கு வந்தது.

இப்போது அவள் முறை.

"நூத்தி நாப்பத்தி மூணு."

"போகுது. தொற."

"தொறக்குறேன் சார். தொண்ணூத்தி ஒண்ணும் போகும்."

அது அவருடைய எண்.

மூன்று இலக்கங்களை அப்படியே இரண்டு முறை எழுதினால் வரும் எண்ணை ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் வகுத்தே தீரும். ஏழு பதின்மூன்று தொண்ணூற்றொன்று. பதினொரு பதின்மூன்று அவளுடையது. பி.எஸ்ஸி. கணக்கில் படித்ததில் இங்கே பயன்பட்டது இது ஒன்றுதான்.

"போட்டுத்தான் பாரேன் சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "உன் சோத்தையும் நாங்க பாக்க வேணாவா?"

ஆதிநாராயணன் போட்டுப் பார்த்தார். புன்னகைத்தார். பையில் வைத்து எடுத்துப் போகிற ஆள் இல்லை அவர். அவருக்கு லாரிகள் இருந்தன.

நாற்காலியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்து, எல்லோர் முன்னாலும் மேசையில் கவிழ்த்தார்.

தகடு சத்தத்தோடு விழுந்தது.



"எனக்குத் தெரியாது" என்றார். "யாரோ வெச்சிருக்காங்க."

சாராள் தன் பையையும் திறந்து காட்டினாள். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், குடை.

சாப்பாட்டு நேரம் வரை அதில் ஒரு தகடும் இருந்தது.