அரிசோனா போகாத வண்டி

"எலிப்பொறி வைக்கத் தெரியுமா உனக்கு? முதல்ல அதைக் கத்துக்கிட்டு வா. அப்புறம் டீசல் இன்ஜின்ல கை வைக்கலாம்."

மரூசியா இப்படிச் சொன்னபோது, மெக்கானிக் வெண்டெல், படுக்கை சமையலறையோடு ஓடும் மோட்டார்ஹோமின் பின்பக்க மூடியைத் திறந்து, தோள்வரை இன்ஜினுக்குள் நுழைந்திருந்தான். பதினோரு நாளில் இதே வண்டிக்கு மூன்றாவது தடவையாக வந்திருக்கிறான்.

மரூசியாவும் அவள் கணவர் ஒரெஸ்ட்டும் வருடா வருடம் கனடாவின் சஸ்காச்சுவானில் பனி விழுவதற்குள் அந்த வண்டியில் ஏறி அரிசோனா வெயிலுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர ஏப்ரல் ஆகும். அதன் பிறகு ஆறு மாதம் வண்டி கொட்டகையில் நிற்கும். அந்த ஆறு மாதமும் அது வெண்டெலின் பொறுப்பு. இந்தக் கோடையிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆயில் மாற்றினான், பாட்டரிகளைச் சார்ஜில் வைத்தான், டேங்கில் டீசல் கெடாமலிருக்க மருந்து ஊற்றினான், இரண்டு பில்டரையும் புதிதாகப் போட்டான். செப்டம்பரில் சாவியைத் திருப்பியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அக்டோபர் பிறந்ததும் படுத்துவிட்டது.

முதல் தடவை வந்தபோது டீசல் குழாயில் காற்று ஏறியிருந்தது. கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்து காட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலையிலேயே மரூசியா போன் செய்து திட்டினாள். இரண்டாவது தடவை வாஷர், சீல் எல்லாவற்றையும் மாற்றினான். அதுவும் இரண்டு நாள்தான் தாங்கியது. அதற்குள் அவள் சர்ச் சமையலறையில், பத்துப் பெண்கள் உட்கார்ந்து பிரோஹிக் கொழுக்கட்டை மடிக்கும் இடத்தில், வெண்டெலிடம் வண்டியை விடுவதும் ஆற்றில் தள்ளுவதும் ஒன்று என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட இரண்டு பேர் தங்கள் வண்டிகளைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த எரிச்சலோடுதான் இன்று வந்திருந்தான். சனிக்கிழமை பனி கொட்டும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் வண்டி கிளம்பாவிட்டால் இந்த வருடம் பயணமே இல்லை. ஊர் முழுக்க அது அவன் தலையில்தான் விடியும்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பில்டரின் அடிப்பக்கத்தைத் தடவினான். தண்ணீர் வடிக்கும் சின்னத் திருகு விரலோடு சுழன்றது. அதன் ஓரத்தில் புதிதாக ஸ்பேனர் கீறிய பளபளப்பு. அதிர்வில் கழன்றதல்ல. யாரோ அளந்து, இரண்டு சுற்று தளர்த்தியிருக்கிறார்கள். அந்த வழியாகத்தான் காற்று ஏறியிருக்கிறது.

அந்த வீட்டில் ஸ்பேனர் பிடிப்பவர் ஒரெஸ்ட் ஒருவர்தான் என்று வெண்டெல் நினைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் போனான்.

சமையலறை மேஜையில் ஒரெஸ்ட் வரைபடத்தை விரித்து வைத்து, போகும் வழியைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. வெண்டெலைப் பார்த்ததும் சிரித்து, தேநீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். மரூசியா பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

வெண்டெல் உட்காரவில்லை. "ஐயா, உங்களுக்குப் போக இஷ்டமில்லைன்னா அம்மாகிட்ட நேராச் சொல்லிடுங்க. திருகைத் தளர்த்தி விட்டுட்டு என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க."

ஒரெஸ்ட்டின் முகம் மாறியது. அவர் எழுந்த வேகத்தில் கோப்பை கவிழ்ந்து தேநீர் வரைபடத்தில் ஓடியது.

"என் வண்டியை நானே கெடுக்கறேனா? பத்தொன்பது வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் விழுந்ததில்ல. என் மகனும் இப்படித்தான் இங்க நின்னு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். அஞ்சு மாசமா அவன் இந்த வாசலை மிதிக்கல. நீயும் வெளிய போ."

மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் கிட்டே வந்தார். ஒரு கணம் அவர் அடித்துவிடுவாரோ என்றுகூட வெண்டெல் நினைத்தான். வேறொன்றும் சொல்லாமல் வெளியே வந்து, ஸ்பேனர்களை அள்ளித் தன் பிக்கப் வண்டியின் பின்புறம் வீசினான். இனி இந்த வீட்டு வண்டி துருப்பிடித்து மண்ணோடு போனாலும் இந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

அவன் கதவைத் திறப்பதற்குள் மரூசியா முற்றத்தைத் தாண்டி ஓடி வந்தாள். வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள். வேலை தெரியாதவன், வயசான மனுஷனை வீடு புகுந்து அவமானப்படுத்துகிறான் என்று பக்கத்துப் பண்ணைவரை கேட்கிற குரல்.

"யாரோ வேணும்னே தளர்த்தியிருக்காங்கம்மா. இனிமே நான் வரமாட்டேன்" என்றான் வெண்டெல்.

அவள் பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். குரல் சட்டென்று அடங்கிவிட்டது.

"நான்தான் தளர்த்தினேன். ஏப்ரல்ல வர்றப்ப, எதிர்ல வண்டி வர்ற ரோட்டுல ஏத்தி நாலு மைல் ஓட்டினார். சாயங்காலம் கேட்டா அவருக்கு ஞாபகமே இல்ல. அதைச் சொன்ன மகனைத்தான் துரத்திட்டார். பனி விழற வரைக்கும் கெட்டது வண்டியாவே இருக்கட்டும் வெண்டெல். உன் பேரை சர்ச்ல நானே எந்திரிச்சு நின்னு சரி பண்ணிடறேன்."

வெண்டெல் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பப் போனான்.

"ஜன்னல்ல நிக்கறார்," என்றாள் மரூசியா, உதடு அசையாமல். "முகத்தைக் கொஞ்சம் கோபமா வெச்சுக்கப்பா."