சிவப்பில் சொன்னது

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் நீட்டிய தட்டை ஆதிரை தூக்கி எறிந்து, "இந்த ஆளு எனக்கு வேண்டாம்" என்று கத்தியபோது, புத்தித் தெளிவைக் காட்டும் அவள் மணிக்கட்டுப் பட்டை சிவப்பாக எரிந்தது. எல்லோருக்கும் நிம்மதி. சிவப்பில் பேசுவது நோய். அந்தப் பேச்சு எங்கும் செல்லாது. முன்பு பச்சையில் அவள் தலையாட்டியதுதான் செல்லும்.

சினைப்பையில் ஒரு கட்டி. அதை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு மூளையையும் சேர்த்துத் தாக்கிவிட்டது என்றார் மருத்துவர். "கட்டிதானே பேசுச்சு, பொண்ணா பேசுச்சு?" என்று மாப்பிள்ளை வீட்டாரும் பெருந்தன்மையாகக் காத்திருந்தார்கள்.

கட்டியை எடுத்து நாற்பது நாளாகிறது. இன்று காலைதான் பட்டை பச்சைக்குத் திரும்பியிருந்தது. நோய் நாட்களில் நடந்தது எதுவும் ஆதிரைக்கு நினைவில்லை. தலை வாரிவிட்டபடி அம்மா மோனிஷா சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"தட்டத் தூக்கி வீசிட்ட கண்ணு. லட்டெல்லாம் சம்பந்தியம்மா மடியில. இந்த ஆளு வேண்டாம்னு ஒரே கத்தல்."

ஆதிரை திரும்பினாள். கண்கள் தெளிவாக இருந்தன.

"நெசமாவே சொல்லிட்டனாம்மா? ஆறு மாசமா வாய் வரைக்கும் வரும், முழுங்கிக்குவேன்."

சீப்பு பாதியில் நின்றது. மோனிஷா பட்டையைப் பார்த்தாள். பச்சைதான்.

அப்பா ஃபோனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தார். "பச்சை வந்துருச்சா? தேதி குறிக்கணும்னு கேக்கறாங்க."

மோனிஷா மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, அந்த வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடினாள்.

"இன்னும் இல்லைங்க. செவப்பாத்தான் இருக்குது."