ஆத்தாவின் பார்வை

எண்ணூர்க் குப்பத்தில் அம்மன் ஊர்வலம் தெருமுனைக்கு வந்துவிட்டது. வாசலில் கற்பூரத் தட்டோடு நின்ற பச்சையம்மா, கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே மருமகள் ஜோதிகா, தன் பெண் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே, ஊரே புள்ளைங்களத் தூக்கினு நிக்குது, நீ ஒளிஞ்சுக்கினு கீறே? பாப்பாவ எட்தா. ஆத்தா கண்ணுல படட்டும்."

"வேணாம் அத்த."

"பெரியவன் செத்ததுலேர்ந்து சாமி மேல காண்டா கீறியா?"

"காண்டெல்லாம் இல்ல அத்த."

"அப்பறம் இன்னாத்துக்கு? நல்ல நாளும் அதுவுமா பாப்பா மூஞ்சிய மை பூசி அழுக்காக்கி வெச்சிருக்கே! பாக்கவே கலீஜா கீது."

மேளச் சத்தம் நெருங்கியது. ஜோதிகா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"கம்பெனிப் பொகையில மூச்சு முட்டி எம்புள்ள போனப்போ நீதான அத்த சொன்னே? ஆத்தாவுக்கு ரொம்பப் புடிச்ச புள்ளைங்களத்தான் சீக்கிரம் கூப்ட்டுக்குவான்னு. இவளயாவது அவளுக்குப் புடிக்காம இருக்கட்டும்."

பச்சையம்மா திரும்பித் தெருவைப் பார்த்தாள். சாமி வாசலுக்கு வருவதற்குள், கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள்.