அங்க அடையாளம்

சிறைகண்ட சிங்கம் மாசிலாமணி சிறைக்குப் போனதற்குக் கட்சித் தலைமை சான்று கேட்டுவிட்டது. சான்று இல்லையென்றால் தேர்தலில் சீட்டு இல்லை. கைதானதாக அவர் சொல்லிக்கொள்ளும் மலைச்சாலை மறியலன்று, போலீஸ் வேனைக் கண்டதும் உண்ணிச்செடிப் புதருக்குள் பதுங்கி, எல்லாம் அடங்கியபின் இறங்கி வந்தவர் அவர். ஆனாலும் தொண்டர்களை வாசலில் நிறுத்திவிட்டு, பஸ் அதற்குமேல் போகாத அந்த மலைக் காவல் நிலையத்துக்குள் தனியாக நுழைந்தார். ரைட்டர் ஞானசௌந்தரி பழைய கைதுப் பதிவேட்டைப் புரட்டப் புரட்ட, சிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

"இருக்குங்களே ஐயா! மாசிலாமணி, அப்பா பேரு சடையப்பன். கல்யாண மண்டபத்துல வெச்சிருந்து சாயங்காலம் விட்டிருக்கோம்."

போன உயிர் திரும்பி வந்தது. எந்தப் புண்ணியவான் சிங்கத்தின் பெயரைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினானோ!

"எனக்குக்கூட ஞாபகம் இருக்குங்க. லெமன் சாதம் மூணு பொட்டலம் கேட்டு வாங்கினீங்க."

"மக்களுக்காகக் கத்தின பசிம்மா," என்றார் சிங்கம்.

"அங்க அடையாளம், இடது கையில ஆறு விரல்." ஞானசௌந்தரி வாசித்துவிட்டு நகலை நீட்டினார். சிங்கம் வலது கையால் வாங்கிக்கொண்டார். ஐந்தே விரலுள்ள இடது கை அதற்குள் வேட்டி மடிப்புக்குள் போயிருந்தது.

வாசலில் தொண்டர்கள் வாழ்க கோஷம் போட்டுவிட்டு, அவருடைய பேர்பெற்ற கும்பிடுக்காகக் காத்திருந்தார்கள். ஞானசௌந்தரியும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"ரெண்டு கையாலயும் கும்பிடுங்கய்யா, பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறாங்க."

சிங்கம் முகமெல்லாம் நிம்மதியாகச் சிரித்தபடி, வலது கையை மட்டும் உயர்த்தினார்.