டாக்டர் கேட்ட மன்னிப்பு

“தொடாதீங்க சார்! கையைக் கழுவிட்டு வாங்க.”

வார்டே அடங்கிப்போனது. நோயாளி வலியுல்லாவின் வயிற்றுக் கட்டைப் பிரிக்க நீண்ட டாக்டர் வேதாந்தத்தின் கை அப்படியே நின்றது. சொன்னவள் சுந்தரவல்லி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நர்ஸ்.

மந்தைவெளியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் அன்று வியாழக்கிழமை வகுப்பு. டாக்டர், நர்ஸ், ஆயா என்ற பேதமில்லாமல் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தலைமைப் பண்பு கற்க வேண்டும் என்று அதைத் தொடங்கியவரே தலைமை டாக்டரான வேதாந்தம்தான். வகுப்பை நடத்த அடையாறிலிருந்து சாருலதா வருவாள். இந்த வாரம் வகுப்பு வார்டுக்குள்ளேயே நடந்தது. வேதாந்தம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே வர, மற்றவர்கள் கூடவே போய்க் கவனித்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சீழ் வைத்த புண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே கையோடு வலியுல்லாவிடம் வந்திருந்தார் வேதாந்தம். அது அவருக்கே உறைத்தது. அதனாலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“யார்கிட்டப் பேசறேன்னு தெரியறதா? கத்தி பிடிச்சு முப்பது வருஷமாச்சு எனக்கு!”

“யாரா இருந்தாலும் கையைக் கழுவணும் சார்.” பாடம் ஒப்பிப்பவளைப் போல நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“வெளியில போ!”

“நீங்க கழுவினப்புறம் போறேன் சார்.”

ஆயா வேலம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “உனுக்கு இன்னாம்மா ஆச்சு? பெரிய டாக்டராண்ட போய் மல்லுக்கு நின்னுக்கினு கீறே!”

கையிலிருந்த கத்தரியைத் தட்டில் வீசிவிட்டு வேதாந்தம் வெளியேறினார். அந்தச் சத்தத்தில் வலியுல்லா கண்ணை இறுக மூடிக்கொண்டார். சுந்தரவல்லி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்ள, வேலம்மா அவளை அணைத்துக்கொண்டாள்.

மயிலாப்பூர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வேதாந்தத்துக்குக் காது மடல் எரிந்தது. ‘தப்பைப் பார்த்தா யாரா இருந்தாலும் வாயைத் திறக்கணும். அந்த நிமிஷம் அவங்கதான் தலைவர்’ என்று முதல் வகுப்பில் பேசி, எல்லோரையும் கைதட்ட வைத்தவர் அவர். இன்று ஒருத்தி வாயைத் திறந்தாள். அவர் என்ன செய்தார்?

“என்னன்னா, வந்ததுலேர்ந்து பேசவே இல்லையே?” என்று கேட்டாள் மனைவி விசாலாக்ஷி.

அவள் முகத்தைப் பார்க்காமலே நடந்ததைச் சொன்னார். “நம்ம மாளவிகா வயசுதான் இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. அவ சொன்னது நூத்துக்கு நூறு சரி. சரின்னு தெரிஞ்சேதான் கத்தினேன் விசாலம்.”

“எல்லார் முன்னாடியும் கத்திட்டு, தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கப்படாது. எல்லார் முன்னாடியும் கேட்டுடுங்கோ.”

“கேக்கறேன். கொஞ்சம் காபி குடு.”

“இப்பத்தானே குடிச்சேள்?”

அவமானத்தில் எதுவுமே மனசில் ஒட்டவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எல்லோரையும் வார்டுக்கு வரச் சொன்னார். அன்று அவர் செய்ய வேண்டிய ஆபரேஷன் ஒன்று இருந்தது. அதற்குமுன் இதை முடித்தாக வேண்டும். சுந்தரவல்லி கடைசி வரிசையில் நின்றாள்.

“நேத்து நான் நடந்துண்டது அசிங்கம்” என்று ஆரம்பித்தார். “உங்களுக்கெல்லாம் பாடம் நடத்தச் சொல்லிட்டு, அந்தப் பாடத்தை நானே காலால மிதிச்சேன். சுந்தரவல்லி, நீ பண்ணினதுதான் சரி. என்னை மன்னிச்சுடும்மா.”

கை கூப்பினார். சின்ன டாக்டர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேலம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

சுந்தரவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள். அவள் கண்ணில் கண்ணீர் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “சார், இதுவும் நடிப்பா? அடுத்த வகுப்புலதானே எல்லாருக்கும் உடைச்சுச் சொல்றதா இருந்தீங்க?” என்றாள்.

“எதை?”

“போங்க சார். கோபப்படற மாதிரி நேத்து எவ்வளவு நல்லா பண்ணீங்க! எனக்கே ஒரு நிமிஷம் உதறிடுச்சு. புதன்கிழமை உங்க ரூம்ல ஒத்திகை பார்த்தப்போகூட இவ்வளவு சத்தம் போடலையே நீங்க.”

வேதாந்தம் அவளையே பார்த்தார். புதன்கிழமை. எவ்வளவு துழாவியும் அந்த நாளில் இந்தப் பெண்ணின் முகம் எங்கேயும் அகப்படவில்லை.

“என்ன ஒத்திகைம்மா?”

“தியேட்டர் ரெடி சார்! பேஷன்டுக்கு மயக்க மருந்து குடுக்கலாமா?” என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

சுந்தரவல்லியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

“சார்... உங்களைத் தடுக்கச் சொன்னதே நீங்கதானே?”