ஒரு துடிப்பை விட்டுப் பார்த்தல்

பரிசோதனை அறையில் அப்பா சட்டையைத் திறந்து படுத்திருக்கிறார். காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் பேஸ்மேக்கர் தீப்பெட்டிபோலப் புடைத்திருக்கிறது. திரையில் இதயத்தின் மேலறைக்குச் சிறு கோடு, கீழறைக்கு உயர்ந்த முகடு, மாறி மாறி நகர்கின்றன. திடீரென்று சிறு கோடு மட்டும் வருகிறது. முகடு இல்லை. கட்டில் கம்பியை இறுகப் பிடிக்கிறேன். "நின்னுடுச்சு!" எப்போதும் எனக்கே கேட்காத என் குரல் அறையை அதிரவைக்கிறது. அதற்குள் அடுத்த முகடு எழுந்துவிட்டது. "பயப்படாதீங்கம்மா, பேஸ்மேக்கர் கெட்டுப்போகலை," என்கிறார் டெக்னீசியன். "இதயம் தானா துடிக்குதான்னு ஒரு தடவை விட்டுப் பார்க்கும். இல்லன்னா அடுத்ததுல தூண்டிவிட்டுடும்." அப்பா சிரிக்கிறார். "உனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தப்ப நானும் இப்படித்தான் கையை விட்டேன். அன்னைக்கும் ஊரைக் கூட்டின." திரையில் மறுபடியும் சிறு கோடு மட்டும் வருகிறது. காரணம் இப்போது எனக்குத் தெரியும். இருந்தும் முகடு எழும்வரை கம்பியை விட முடியவில்லை.