படுக்க வைக்கும் ரேக்

மாமியார் நிலவறையில் சேர்த்து வைத்திருந்த ஒயின் பாட்டில்களை அடுக்க, ரேக் மாதிரிகளோடு கடைக்காரர் வந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை, பாவம், முந்திக்கொண்டு நிலவறைப் படியிறங்கிப் பாட்டில்களை மறைத்து நின்றார்.

“பாட்டிலைப் படுக்க வச்சாத்தாங்க கார்க் காயாம இருக்கும்,” என்றார் கடைக்காரர்.

“வேண்டாம் அத்தை, நிக்க வைக்கிற ரேக்கே அழகு!”

“ஆமாமா, மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று மாமனாரும் ஒத்து ஊதினார். என்ன தங்கமான மனுஷன்!

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க. வாங்கினவ நான். படுக்கத்தான் வைப்பேன்.”

மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. பின்னே? திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு, திராட்சை ஜூஸை ஊற்றி, கார்க்கைக் கட்டைவிரலால் அமுக்கி வைத்தவராயிற்றே! சாய்த்தால் ஒழுகும், ஒழுகினால் பெட்டி படுக்கையோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

மாமியார் ஒரு பாட்டிலை எடுத்துப் படுக்க வைத்தார். கார்க் ஓரமாகச் சொட்டியது. மாப்பிள்ளை கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மாமியார் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“அடக் கண்றாவியே! யாரு இதுல டீத்தண்ணியை ஊத்தி வச்சது?”

டீயா? மாப்பிள்ளை சட்டென்று கண் திறந்தார். பக்கத்தில் நின்ற மாமனாரைக் காணோம். அவர் பாதிப் படி ஏறியிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமியார் அடுத்த பாட்டிலை எடுத்தார்.